வலைக்குள் ஒரு புள்ளி

கலந்தரின் புறாக்கூட்டைத் திறந்ததும் நௌஷாட்டின் வாய் அடைத்துப்போயிற்று. அது இலேசில் நடக்கிற காரியமல்ல. மன்னார் பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓட்டுகிற, மிச்ச நேரமெல்லாம் எடித்துக்கு உதவியாளனாக அலைகிற அந்த முப்பத்தைந்து வயதுக்காரன், சாவு நடந்த மையத்து வீட்டில்கூடப் பகிடி விடுகிறவன்.

உள்ளே நாற்பத்தொரு பந்தயப் புறாக்கள் செத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் கழுத்தும் ஈரத்துணி பிழிந்ததுபோல முறுக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு மரக்கதிரை. அதன் இரண்டு கைகளிலும் சுத்தியல் விழுந்த குழிகள். குழிகளைச் சுற்றி இரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

“பத்து விரலும் மிஸ்,” என்றாள் றாபியா, கலந்தரின் மனைவி. அழுது முடித்த குரல். “ஒண்டொண்டா வைச்சு உடைச்சிருக்கிறாங்கள். நாடி எலும்பையும் விடல்ல. நான் வந்து பாக்கேக்க தலையில சாக்கு. ஒப்பரேஷன் முடிஞ்சும் இன்னும் கண் முழிக்கல்ல.”

எடித் குனிந்து கதிரையைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் பொலிசில் இருந்துவிட்டுத் தானாக விலகியவள். இப்போது தோட்டவெளியில் தன் வீட்டு முன்னறையையே கந்தோராக்கித் தனியார் விசாரணை செய்கிறாள்.

“எத்தினை மணிக்கு நடந்தது?”

“நேத்து வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம். இவருக்குக் காய்ச்சல், பள்ளிக்குப் போகல்ல. நான் பன்னிரண்டு மணிபோல தங்கச்சி வீட்ட போனன். ஒண்டரைக்கு வந்தன். தெருவில ஒரு சனம் இருந்திருக்காது.”

“களவெடுக்க வந்தவன் இல்லையக்கா,” நௌஷாட்டுக்குக் குரல் திரும்பியது. “களவெடுக்க வாறவன் விரல எண்ணிக்கொண்டு நிக்க மாட்டான்.”

“ஓம். எழுதுற விரலையும் கதைக்கிற வாயையும் தேடி உடைச்சிருக்கிறான். இவர் எதையோ சொல்லப்போறார் எண்டு பயந்தவன்.”

றாபியா தன் போனை நீட்டினாள். கூட்டுக் கம்பியில் ஆணியால் குத்தியிருந்த ஒரு கடதாசியின் படம். கடதாசி இப்போது பொலிசிடம் இருந்தது. கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்:

‘கலந்தர் நா.யே, என்னைத் தளத்தில் இருந்து தூக்கினாய். உன்னை வெ.ட்டாமல் விட்டது உன் அதிர்ஷ்டம். இனி வ.லை போட்டுப் பிடித்துக் கொ.ல்லுவேன்.’

“எழுதினவருக்கு விக்கலோ?” என்றான் நௌஷாட். “சொல்லுக்கு நடுவில குத்திக் குத்தி வைச்சிருக்கிறார்.”

“அது பைசர்ர புள்ளி,” என்றாள் றாபியா. “கொண்டச்சி பைசர். ‘சிறகடி’யில எல்லாருக்கும் தெரியும்.”

சிறகடி என்பது கலந்தர் தன் கைக்காசில் நடத்திய இணையத்தளம். மன்னார்த் தீவிலிருந்து முசலி வரை பந்தயப் புறா வளர்க்கிற இரண்டாயிரம் பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். தளத்துக்குச் சட்டம் இருந்தது. தமிழைத் தமிழ் எழுத்தில்தான் எழுதவேண்டும். சமயம், அரசியல் கதைக்கக்கூடாது. தூஷணம் கூடவே கூடாது. இதற்காகக் கலந்தர் ஒரு தடைச்சொல் பட்டியல் போட்டு வைத்திருந்தார். பட்டியலில் உள்ள சொல்லோடு ஒரு பதிவு வந்தால் யந்திரம் அதை மறித்து ஒதுக்கிவிடும். அட்மின் பார்த்துச் சம்மதித்தால்தான் மற்றவர் கண்ணில் படும்.

யந்திரத்துக்கு விவேகம் கிடையாது. ‘நாய்’ தடையென்பதால், புறாவை நாய் கடித்துவிட்டது என்று முறையிட வந்த ஒருவர் ‘வாலாட்டும் பிராணி கடித்துவிட்டது’ என்று எழுதவேண்டி வந்தது. ‘வெட்டு’ தடையென்பதால் சிறகு வெட்டுவது எப்படி என்று கேட்க வழியில்லை.

“நல்ல காலம் இந்தாள் சமையல் குறூப் நடத்தல்ல,” என்றான் நௌஷாட். “வெங்காயத்தை என்ன செய்யச் சொல்லி எழுதுறது?”

பைசர் மட்டும் அடங்கவில்லை. தடைச்சொல்லின் நடுவில் ஒரு புள்ளி குத்திவிட்டால் யந்திரம் ஏமாறும் என்று கண்டுபிடித்து, ஊரிலுள்ள தூஷணத்தையெல்லாம் புள்ளி வைத்து எழுதினான். புள்ளிப் பைசர் என்றே பெயர் விழுந்தது. மூன்று மாதத்துக்கு முன் கலந்தர் அவனைத் தளத்திலிருந்து நீக்கினார். உறுப்பினரல்லாத ஒருவரால் உள்ளே ஒரு வரியும் வாசிக்க முடியாது.

“இந்தப் படம் எல்லார்ர கையிலயும் இருக்கோ?” என்று எடித் கேட்டாள்.

“ஓம் மிஸ். றோய் தம்பி நேத்தே தளத்தில போட்டிட்டார். அவர்தானே மற்ற அட்மின். ‘யாருடைய வேலை என்று நான் சொல்லத் தேவையில்லை’ எண்டு எழுதி, சனம் சண்டை பிடிக்காம எல்லார்ர பதிவையும் நிப்பாட்டி வைச்சிருக்கிறார்.”

றோயை எடித்துக்குத் தெரியும். தோட்டவெளியில் அவளுடைய வீட்டுக்கு ஆறு வீடு தள்ளி இருப்பவன். கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவன்.

“இந்த வலைக் கதை என்ன?”

“ரெண்டு மாசமா அதுதான் மிஸ் தளத்தில சண்டை. பந்தயத்தில விட்ட புறா வீடு வந்து சேருறதில்ல. ஆரோ வழியில வலை கட்டிப் பிடிச்சு, கால் வளையத்தை அறுத்துப்போட்டு விக்கிறாங்கள். நீ பிடிச்ச, நான் பிடிச்ச எண்டு ஆளாளுக்கு ஏச்சு. இவருக்குத் தலையிடி.”

“கலந்தர்ர லப்டொப்பைத் திறக்க ஏலுமோ?”

கடவுச்சொல் றாபியாவுக்குத் தெரிந்திருந்தது. எடித் அட்மின் பக்கத்துக்குள் போனாள். தடைச்சொல் பட்டியலில் அறுபத்துமூன்று சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது சேர்க்கப்பட்ட நாளும் நேரமும். அவளுடைய விரல் மெதுவாகக் கீழே இறங்கி, கடைசி வரியில் நின்றுவிட்டது. பிறகு மறிக்கப்பட்ட பதிவுகள் ஒதுங்கிக் கிடக்கும் பக்கத்தைத் திறந்தாள். அங்கே ஒன்றுமே இல்லை.

“வெறும் பக்கத்தை இவ்வளவு நேரம் பாக்கிறியள்?” என்றான் நௌஷாட்.

“வெறுமையா இருக்கிறதாலதான் பாக்கிறன்.”

அப்போது நௌஷாட்டின் போன் அடித்தது. கொண்டச்சியில் கல்யாணம் கட்டிய அவனுடைய ஒன்றுவிட்ட தங்கை றிம்ஷா. சத்தம் வெளியே கேட்டது.

“நௌஷாட் காக்கா, ரெண்டு வான் வண்டியில ஆக்கள் வந்து நிக்கிறாங்கள். பைசர் நானாவக் கட்டி வைச்சு அடிக்கிறாங்கள். கூட்டுக்குப் பெற்றோல் ஊத்துறாங்கள். எங்கட ஆம்பிளைகள் எல்லாம் கடல்ல. கெதியா வாங்கோ!”

எடித் லப்டொப்பை மடக்கி அக்குளில் செருகிக்கொண்டு ஓடினாள்.

*

நாற்பது கிலோமீற்றர். மன்னார்த் தீவின் பாலத்தைத் தாண்டும்போது ஓட்டோ காற்றில் ஒரு பக்கம் தூக்கியது. எடித் பொலிசுக்குப் போன் எடுத்து இடத்தைச் சொன்னாள். வண்டி வரும், ஆனால் தூரத்திலிருந்து வரவேண்டும் என்றார்கள்.

“பைசர் செய்திருக்க மாட்டானோ அக்கா?” நௌஷாட் முன்னால் பார்த்தபடி கத்தினான். “பொல்லாத வாய்க்காரன்தான். ஆனா வாய்க்காரனுக்குக் கை நீளுறது குறைவு. என்னைப் பாருங்கோ.”

“அவன் இல்லை. அது எனக்கு நிச்சயம்.”

“அப்ப ஆர்?”

“முதல்ல உயிரோட ஆளைப் பிடிப்பம். நீ ஓட்டு.”

சிலாவத்துறை தாண்டியதுமே புகை தெரிந்தது.

பைசரின் வளவுக்குள் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். புறாக்கூடு எரிந்து கூரை உள்ளே விழுந்திருந்தது. உள்ளிருந்த குஞ்சுகளின் சத்தம் அடங்கிப் பலநேரம் ஆகியிருக்கவேண்டும். தீய்ந்த இறகின் நாற்றம் தொண்டையை அடைத்தது. வீட்டுக் கதவை வெளியே பூட்டியிருந்தார்கள். உள்ளே பைசரின் மனைவி றிப்கா கதவை இடித்து இடித்து அலறிக்கொண்டிருந்தாள்.

பைசரைக் கஜு மரத்தில் நைலோன் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. உதடு இரண்டாகக் கிழிந்து தொங்கியது. அவனுக்கு முன்னால் முசலி முஹைதீன், இந்த இரண்டு மாதத்தில் ஒன்பது புறாவைப் பறிகொடுத்தவன், கிரிக்கெட் விக்கெட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். விக்கெட்டின் முனை சிவப்பாக இருந்தது. பக்கத்தில் றோய். அவன் கையில் இரும்புக் கம்பி.

“அவன்ர விரலையும் பலகையில வையுங்கோ,” என்று றோய் சொல்லிக்கொண்டிருந்தான். “கலந்தர் அண்ணைக்குச் செய்ததுதான் இவனுக்கும்.”

இரண்டு பேர் பைசரின் வலது கையை அவிழ்த்து ஒரு பலகையில் அழுத்தினார்கள். முஹைதீன் விக்கெட்டை ஓங்கினான்.

நௌஷாட் பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டோ வேலிக் கதியாலை முறித்துக்கொண்டு உள்ளே வந்து, கூட்டம் சிதற, மரத்துக்கு ஒரு முழத்தில் நின்றது.

“மன்னிக்கோணும்,” என்றான் இறங்கிக்கொண்டே. “ஹோர்ன் வேலை செய்யிறேல்ல.”

எடித் மரத்துக்கும் முஹைதீனுக்கும் நடுவில் போய் நின்றாள். “கையை எடுங்கோ.”

“எடித் அக்கா, நீங்கள் விலகுங்கோ,” றோயின் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. “புள்ளி இவன்ர. ஊருக்கே தெரியும்.”

“ஓம், புள்ளி இவன்ர மாதிரித்தான் இருக்கு.” அவள் கூட்டத்தைப் பார்த்தாள். “எல்லாரும் சிறகடி ஆக்கள்தானே? போனை எடுங்கோ. எனக்கு ரெண்டு நிமிஷம் தாங்கோ. அதுக்குப் பிறகும் இவன்தான் எண்டு நினைச்சா, நான் வழி விடுறன்.”

“இப்ப என்ன விளையாட்டு?” என்றான் முஹைதீன்.

“ஒன்பது புறா போன உனக்கு ரெண்டு நிமிஷம் பெரிசில்லை. எடு.”

ஓட்டோவின் சீற்றில் லப்டொப்பை விரித்து, கலந்தரின் கணக்கிலிருந்து தளத்தைத் திறந்துவிட்டாள். “பதிவைத் திறந்து விட்டிருக்கிறன். எல்லாரும் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்புங்கோ. வலை. அவ்வளவுதான்.”

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விறைத்துப்போன விரல்கள், சில இரத்தத்தோடு, போன்களைத் தட்டின. ஒன்றன்பின் ஒன்றாக முகங்கள் சுருங்கின.

“மறிச்சிட்டு,” என்றான் ஒருவன்.

“எனக்கும். தடைச்சொல்லாம்.”

“இதென்ன புதுக்கதை?” முஹைதீன் போனை ஆட்டினான். “நேத்துக் காலம பத்து மணிக்கு நான் இதில வலையைப் பத்தி ஒரு முழம் எழுதினனான். போனதே!”

“போனதுதான்,” என்றாள் எடித். “ஏனெண்டா இந்தச் சொல் பட்டியல்ல ஏறினது நேற்றுப் பதினொண்டு நாப்பத்திரண்டுக்கு. கலந்தர் ஒருத்தருக்கும் அறிவிக்காம ஏத்தியிருக்கிறார். அதுக்குப் பிறகு அந்தச் சொல்லை ஒருத்தரும் எழுதேல்லை. மறிச்ச பதிவு ஒண்டுகூட இல்லை. பின்னேரம் தளத்தையே மூடியாச்சு. உங்களில ஒருத்தருக்கும் இந்தத் தடை தெரியாது. இப்பதானே தெரிஞ்சது?”

எரிந்த கூரையில் ஒரு மரம் வெடித்தது.

“கடதாசிப் படத்தைப் பாருங்கோ. நாய்க்குப் புள்ளி. வெட்டுக்குப் புள்ளி. கொல்லுக்குப் புள்ளி. இதெல்லாம் பழைய தடை, பைசருக்குத் தெரியும். ஆனா வலைக்கும் புள்ளி இருக்கு. பைசரை வெளியில போட்டு மூண்டு மாசம். ஜும்ஆவுக்குச் சற்று முந்தி ஏறின தடையை அவன் எப்பிடி அறிவான்? பைசர் எழுதியிருந்தா வலையைச் சும்மா வலை எண்டுதான் எழுதியிருப்பான்.”

“அப்ப ஆருக்குத் தெரியும்?” முஹைதீனின் விக்கெட் தாழ்ந்தது.

“பட்டியலைப் பாக்கக்கூடிய ஆக்களுக்கு. சொல் ஏறின உடன போனில அறிவிப்புப் போற ஆக்களுக்கு. சிறகடிக்கு அட்மின் ரெண்டு பேர். ஒருத்தர் பத்து விரலும் உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கிறார்.” எடித் திரும்பினாள். “பைசர் மாதிரி எழுத வெளிக்கிட்டுத் தடைச்சொல் எல்லாத்துக்கும் புள்ளி வைச்சாய் றோய். பட்டியல் உனக்குப் பாடம். அதுதான் பிழைச்சுப்போச்சு.”

றோய் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அடுத்த கணம் தன் மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினான். நௌஷாட் குறுக்கே போய்க் கையை விரித்தான். இரும்புக் கம்பி அவனுடைய முன்கையில் இறங்கிய சத்தம், காய்ந்த விறகு முறிந்ததுபோலக் கேட்டது. நௌஷாட் முழங்காலில் விழுந்தான். இரண்டாம் அடி அவன் தலைக்கு ஓங்கப்பட்டபோது எடித் ஒரு கை சுடுசாம்பலை அள்ளி றோயின் முகத்தில் அடித்தாள்.

அவன் அலறிக்கொண்டு கண்மூடித்தனமாகக் கம்பியை வீசினான். அதன் நுனி அவளுடைய காதோரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. சூடாக ஏதோ கழுத்தில் வழிந்தது. அவள் பின்வாங்கவில்லை. சப்பாத்துக் காலால் அவன் முழங்காலைப் பக்கவாட்டில் உதைத்தாள். கால் மடங்கி அவன் எரிந்த கூட்டின் தணல் விளிம்பில் குப்புற விழுந்தான். ஊன்றிய உள்ளங்கை சுட்டுப் பொசுங்கியது. அவள் அவனை இழுத்துப் புரட்டி, கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, அவன்மேல் முழங்காலை வைத்தாள்.

“ஏன்டா?” என்றாள். “அந்த மனிசன் உன்னைத் தம்பி எண்டுதானே கூப்பிட்டவர்.”

“படம் வந்திட்டுது அண்ணைக்கு,” றோய் மண்ணைத் துப்பினான். “தலைமன்னார்ப் பக்கம் நான் வலை கட்டி நிக்கிற படம். ஆரோ மீன்பிடிக்காரன் எடுத்தது. போனில கூப்பிட்டுச் சொன்னவர். ‘ஞாயிற்றுக்கிழமை நீயே எல்லாருக்கும் எழுது, இல்லாட்டி நான் எழுதுவன். அதுவரைக்கும் அந்தச் சொல்லையே நிப்பாட்டி வைக்கிறன், சனம் உன்னில பாயாம’ எண்டார். என்னைக் காப்பாத்தத்தான் தடை போட்டவர்...” அவன் அழத் தொடங்கினான்.

முஹைதீனுக்கு அழுகை கேட்கவில்லை. ஒன்பது புறாவும் அவன் கண்ணில் ஏறியிருந்தன. “எழும்புங்கோ அக்கா,” என்றான். விக்கெட் திரும்பவும் உயர்ந்தது. அவனுக்குப் பின்னால் முப்பது பேரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள். சற்று முன் பைசரைச் சுற்றி நின்ற அதே வட்டம் இப்போது றோயைச் சுற்றி இறுகியது.

“கிட்ட வராதை,” என்றாள் எடித். காதிலிருந்து வழிந்த இரத்தம் அவளுடைய சட்டைக் கழுத்தை நனைத்திருந்தது. அவளிடம் ஆயுதம் எதுவும் இல்லை. நௌஷாட் முறிந்த கையை மார்போடு அணைத்தபடி தடுமாறி வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தான்.

“அக்கா, இண்டைக்கு இந்த நாயைக் காப்பாத்தவோ நாங்கள் வந்தனாங்கள்?”

“ஓம்.”

“சரி. கேட்டு வைச்சன், அவ்வளவுதான்.”

விக்கெட் இறங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடித்திருந்தது. பைசர். ஒரு கையை ஏற்கெனவே அவிழ்த்திருந்ததால் மிச்சக் கயிற்றைத் தானே கழற்றிக்கொண்டு வந்திருந்தான். நிற்க முடியாமல் முஹைதீனின் தோளில் சாய்ந்தபடி, கிழிந்த உதட்டால் அவன் ஏசத் தொடங்கினான். முஹைதீனை, றோயை, வந்த முப்பது பேரை, அவர்களைப் பெற்றவர்களை. ஒரு சொல்லுக்கும் புள்ளி வைக்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கி, “போதும்டா,” என்றான். “ஒரு நாளைக்கு இவ்வளவு காணும்.”

முஹைதீன் விக்கெட்டைக் கீழே போட்டான்.

பொலிஸ் வண்டி வந்தபோது எடித் றோயை ஒப்படைத்தாள். சார்ஜன்ட் போகத் திரும்பினார்.

“நில்லுங்கோ சேர்,” என்றாள். “இந்த ஆளைக் கட்டி அடிச்சவையும் கூட்டுக்கு நெருப்பு வைச்சவையும் இங்கதான் நிக்கினம். அவையும் வரவேணும்.”

முஹைதீன் தலையைக் குனிந்தான். “பெற்றோல் ஊத்தினது நான்தான்,” என்றான்.

வேலிக்கு வெளியே நின்ற றிம்ஷா ஓடிப்போய் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். றிப்கா வெளியே வந்து புருஷனைப் பார்த்தாள், எரிந்த கூட்டைப் பார்த்தாள், பிறகு திடீரென்று வானத்தைப் பார்த்தாள். “அல்லாஹ்வே, இண்டைக்குக் காலம அனுராதபுரத்தில விட்டதுகள்!”

பதினான்கு புறாக்கள் தென்கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தன. வளவுக்கு மேலே வந்ததும் ஒன்றாகச் சரிந்தன. இறங்க இடமில்லை. புகையைக் கண்டு மிரண்டு மேலே எழும்பின. மறுபடி வட்டமிட்டன. வெகுதூரம் பறந்த களைப்பில் அவற்றின் வட்டம் தாழ்ந்துகொண்டே வந்தது.

பைசர் விசிலடிக்க உதட்டைக் குவித்தான். காற்றுத்தான் வந்தது.

முஹைதீன் பொலிஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி இரண்டு விரலை வாயில் வைத்துப் பலமாக ஒரு விசில் அடித்தான். புறாக்கள் கடல் பக்கமாக விலகின.

“விடு,” என்றான் பைசர். “உன்ர விசிலுக்கு வராதுகள்.”

றிப்கா முந்தானையை நனைத்து அவன் வாயைத் துடைத்து, கிழிந்த உதட்டை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்தாள். சார்ஜன்ட் வண்டிக் கதவில் கையை வைத்தபடி காத்து நின்றார். பைசர் கண்ணை மூடி ஊதினான். இரத்தம்தான் கொப்பளித்தது. திரும்பவும் ஊதினான். மூன்றாம் தரம் மெல்லிய, கிழிந்த ஒரு சத்தம் வெளியே வந்தது.

முன்னால் பறந்த வெள்ளைப் பேடு சிறகை மடித்தது. நேரே அவனை நோக்கி இறங்கத் தொடங்கியது.